திருமுக்கூடலில் ஒரு டிபன் பாக்ஸ் மூடி

அப்பா ரிட்டயர்டு தமிழாசிரியர். முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்ததிலிருந்து வாசல் படி தாண்டுவதே கஷ்டம். "அந்த ஆஸ்பத்திரிக் கல்வெட்டை ஒரு தரம் பார்த்துடணும்டா" என்பது அவருடைய பல வருஷத்து ஆசை. "கவலையை விடுங்கப்பா, போட்டோ எடுத்துட்டு வரேன்" என்று புது டிஜிட்டல் கேமராவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

காஞ்சிபுரத்தில் செங்கல்பட்டு பஸ் ஏறி, பழையசீவரத்தில் இறங்கி, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம். நான் போன அன்று மூன்று மணலும் கூடியிருந்தது!

அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் பிராகாரச் சுவரில் இருக்கிறது கல்வெட்டு. வீரராஜேந்திர சோழன் (1063-1070) காலத்தது. வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கை ஆஸ்பத்திரி. ஒரு வைத்தியர், அறுவை சிகிச்சைக்கு ஒருவர், மூலிகை கொண்டுவர இரண்டு பேர், நோயாளிகளைக் கவனிக்க இரண்டு பெண்கள் என்று யார் யாருக்கு என்ன சம்பளம் என்பது வரை வெட்டி வைத்திருக்கிறார்கள். தசமூல ஹரீதகி என்று மருந்து ஸ்டாக் லிஸ்ட் வேறு. நம்ம ஆபீஸ் பே-பில் இவ்வளவு சுத்தமாக இருக்காது!

உச்சி வெயில். சுவரோடு கொஞ்சம் ஆகாயமும் தெரியட்டுமே என்று அழகுணர்ச்சியோடு நாற்பது படம் எடுத்தேன். வெயிலில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் வந்து பார்த்தால் சுவர் மொத்தமும் கன்னங்கரேல்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "வானம் நல்லா வந்திருக்குடா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் ஆபீஸில் ஒருத்தன், "என்னப்பா, நெய்வேலிச் சுரங்கமா?" என்றான். கேமராப் பைத்தியமான எங்கள் சீனியர் மட்டும் சிரிக்கவில்லை.

"தப்பை உங்கப்பாவே சொல்லிட்டாரேய்யா! கேமரா ஒரு அப்பாவி குமாஸ்தா. எதைப் பார்த்தாலும் சராசரி சாம்பல் நிறம்னு நினைச்சுக்கும். பளீர்னு ஆகாயத்தைக் காட்டினே. 'அய்யோ, வெளிச்சம் ஜாஸ்தி'ன்னு குறைச்சிருச்சு. சுவர் இருட்டாப் போச்சு."

பரிகாரமும் சொன்னார். ஆகாயத்தை ஒதுக்கிவிட்டுச் சுவரை மட்டும் பிரேமில் நிரப்பு. வெள்ளை வேட்டி, சுண்ணாம்புச் சுவர் குறுக்கே வந்தால் எக்ஸ்போஷரை பிளஸ் ஒன்று வை. வெளிச்சம் இரண்டு மடங்காகும். திரையை நம்பாதே, ஹிஸ்டோகிராமைப் பார். மேடு இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் படம் இருட்டு. நிழலில் கை ஆடினால் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டு.

"பிளாஷ் போட்டா?"

"போடாதே! எழுத்துங்கிறது கல்லுல பள்ளம். நேரா அடிச்சா பள்ளமும் மேடும் ஒண்ணா வெளுத்துடும். பக்கவாட்டுல வெளிச்சம் வரணும். அப்பத்தான் பள்ளத்துல நிழல் விழும்."

அடுத்த ஞாயிறு மறுபடி பழையசீவரம், மறுபடி பாலம். சுவர் நிழலில் இருந்தது. பக்கவாட்டு வெளிச்சத்துக்கு எங்கே போவது? பையைத் துழாவினேன். எவர்சில்வர் டிபன் பாக்ஸ்! கூட வந்த நண்பனைக் கொஞ்சம் தள்ளி வெயிலில் நிறுத்தி, மூடியைக் கையில் கொடுத்து, சுவரை உரசுகிற மாதிரி ஒளியைத் திருப்பச் சொன்னேன்.

அவ்வளவுதான். வெறும் கல்லாக இருந்த இடத்தில் எழுத்துக்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நண்பனுக்குக் கை வலித்தது. துண்டு துண்டாக, ஒன்றின் ஓரம் அடுத்ததில் வருகிற மாதிரி எடுத்து முடித்தேன்.

பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அப்பா லென்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், ராத்திரி பதினோரு மணிக்கும் எழுந்திருக்கவில்லை. விரலால் தடவித் தடவிப் படித்தவர் திடீரென்று நிமிர்ந்து, "டேய், வந்துட்டேன்டா திருமுக்கூடலுக்கு!" என்றார்.

சமையலறையிலிருந்து அம்மா குரல்: "டிபன் பாக்ஸ் மூடியில் இத்தனை கீறல் எப்படிடா வந்தது?"