மலைவழிப் பயணம் – 4: குளத்துப்புழையின் பயின் மரங்கள்

செங்கோட்டையிலிருந்து மேற்கே புறப்பட்ட எங்கள் பிரயாணம் ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து, கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலத்தைக் கண்டு, தென்மலைக்கு வந்து சேர்ந்த வரலாற்றைச் சென்ற இதழில் சொல்லி நிறுத்தினேன். அங்கிருந்து தெற்கே திரும்பிச் சில மைல் சென்றால் குளத்துப்புழை. பாலசாஸ்தா கோயில் கொண்ட தலமென்றும், ஆற்றிலே 'திருமக்கள்' என்று போற்றப்படும் மீன்களுக்கு உணவிட்டு வணங்கும் துறையென்றும் தமிழ்நாட்டு ஐயப்ப பக்தர்கள் அவ்வூரை நன்றாக அறிவார்கள். ஆனால் கோயிலுக்கு அப்பால் உள்ள காட்டிலே, ஜாதிக்காய்க் குடும்பத்து விருட்சங்கள் ஆண்டு முழுதும் நீரிலும் சேற்றிலும் நின்று வாழ்கின்றன என்பதை, வருஷந்தோறும் மாலையணிந்து அவ்வழியே செல்பவர்களில் எத்தனை பேர் அறிவார்களோ, சந்தேகந்தான்.

வனத்துறைக் காவலர் ஒருவர் முன்னே நடக்க, சிறு குன்றுகள் இரண்டுக்கு நடுவே இறங்கினோம். ஓடையொன்று, தாழ்ந்த சமதளத்தை அடைந்ததும் ஓட்டத்தை மறந்து அகலப் பரவி, உதிர்ந்த இலைகளைக் கருஞ்சேறாக்கி வைத்திருந்த அந்த இடத்தில், கால் வைக்க இடமின்றி எங்கும் வேர்கள். மண்ணுக்குள் அடங்கியிருப்பதே வேரின் ஸ்வபாவம் என்று எண்ணியிருப்பவர்கள் உண்டப்பயின் என்னும் மரத்தைப் பார்க்க வேண்டும். அதன் வேர்கள் சேற்றைக் கிழித்துக்கொண்டு மேலெழுந்து, மடக்கிய முழங்காலைப் போல வளைந்து, மறுபடியும் சேற்றுக்குள்ளேயே புகுந்துவிடுகின்றன. அடுத்து நின்ற கொத்தப்பயினோ அடிமரத்திலிருந்தே நாலாபக்கமும் ஊன்றுவேர்களை இறக்கி, அவற்றின்மேல் ஏறி நிற்கிறது. நீர் தேங்கிய மண்ணிலே காற்றுக்கு இடமில்லை. காற்றில்லாத மண்ணில் வேர் மூச்சுத் திணறி அழுகும். ஆகவே வெளியே நீட்டிய வேரின் பட்டையிலுள்ள நுண்துளைகள் வழியாகச் சுவாசிக்கும் உபாயத்தை இம்மரங்கள் கைக்கொண்டிருக்கின்றன.

"வேனலிலும் இவிடே வெள்ளம் உண்டு, சாரே" என்றார் காவலர். பிறகு, பட்டை காயப்பட்டிருந்த ஒரு மரத்தைச் சுட்டினார். இரத்தமே வழிந்து உறைந்தாற்போன்ற செந்நிறப் பால்; இந்தக் குடும்பத்து மரங்களுக்கெல்லாம் பொதுவான அடையாளம் அது.

நம் வீட்டுப் பெண்கள் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் ஜாதிக்காயின் பூர்வீகம் கிழக்கே வெகு தொலைவிலுள்ள பாந்தாத் தீவுகள். அந்த வாசனைக்காக ஐரோப்பியர்கள் போரிட்டார்கள். 1621இல் டச்சுக்காரர்கள் அத்தீவுகளின் மக்களை ஏறக்குறைய அடியோடு அழித்தார்கள். இங்கே நிற்கும் உறவினருக்கு அந்தப் பரிமளமும் இல்லை, அதனால் விளைந்த துன்பமும் இல்லை. பொன்னாம்பயின் என்ற ஓர் இனத்தின் பத்திரியை மட்டும் 'ராம்பத்திரி' என்று விற்பதும், அசல் ஜாதிபத்திரியோடு கலந்துவிடுவதும் வியாபாரிகளின் வழக்கம்.

மனிதன் கைவிட்ட கனியை இருவாச்சிப் பறவை கைவிடவில்லை. விதையைப் போர்த்தியிருக்கும் செந்நிறப் பத்திரிக்காக அது வருகிறது. பத்திரியைத் தின்று விதையை வேறிடத்தில் உமிழ்கிறது. அவ்விதையை நெல்லைப் போல உலர்த்திச் சேமித்து வைக்க வழியில்லை; காய்ந்தால் உயிர் போய்விடும். ஈரத்தில் விழுந்து விரைவில் முளைத்தால்தான் சந்ததி உண்டு. மேலும் இவற்றில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆதலின் சதுப்பு குறுகிக் குறுகி நாலைந்து மரங்களே மிஞ்சும் இடத்தில், காய்க்க வேண்டிய மரம் துணையின்றி வெறுமனே நின்று முதிர்வதும் நேரலாம்.

இக்காட்டைப் பற்றி 1960இல் கிருஷ்ணமூர்த்தி என்ற வன அறிஞர் எழுதினார். 1968இல் சாம்பியனும் சேத்தும் இந்தியக் காடுகளை வகைப்படுத்திய நூலில் இதற்குத் தனி இடம் கிடைத்தது. இன்று கேரளத்தில் எஞ்சியிருப்பது எல்லாம் சேர்த்துச் சுமார் 150 ஹெக்டேர்தான். 2013இல் இப்பிரதேசத்துத் தவளையொன்று விஞ்ஞான உலகுக்கு அறிமுகமாகி, இளமையில் பாஞ்ச்கனியில் படித்த பாடகர் பிரெடி மெர்க்குரியின் பெயரைப் பெற்றது. அந்தப் பாடகரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆயினும் தவளைக்குப் பாடகன் பெயர் பொருந்தாதென்று யார் சொல்வது?

மற்ற சதுப்புகள் எங்கே போயின? விடை நம் இலையிலேயே இருக்கிறது. வற்றாத நீர், சமதளம், மக்கிய மண் ஆகிய எதெது பயின் மரத்துக்கு வேண்டுமோ, அதுவே நெல்லுக்கும் வேண்டும். ஆகவே பள்ளத்தாக்கிலே குடியேறியவன் முதலில் கை வைத்தது இந்த நிலத்தில்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, காடு திருத்தி நாடாக்கிய அரசனைப் புகழ்ந்து பாடிய புலவர்களின் மொழியல்லவா நம்முடையது! ஆனால் பிற்காலத்தில் தேக்கும் ரப்பரும் எண்ணெய்ப்பனையும் சூழ்ந்து வந்ததைப் பசியின் கணக்கில் எழுத முடியாது. கோவாவில் சத்தாரிப் பகுதியிலும், வடகன்னடத்தின் சில இடங்களிலும் இத்தகைய சதுப்புகள் தெய்வத்தின் காவு என்ற அச்சத்தினாலேயே பிழைத்திருக்கின்றன. சட்டத்தைவிட அந்தத் தெய்வங்கள் மலிவாகவும் திறமையாகவும் காவல் செய்திருக்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. சாஸ்தாவின் ஊரிலும் மீனுக்குக் கிடைத்த அபயம் மரத்துக்கும் கிடைத்திருக்கலாம்.

திரும்பும்போது காவலர் எங்களை ஒரு தேக்குத் தோட்டத்தின் ஊடே அழைத்து வந்தார். வரிசை பிசகாமல் நின்ற அம்மரங்களுக்கிடையே, நாங்கள் விட்டு வந்த அதே ஓடையின் கிளையொன்று குறுகிய வாய்க்காலாக விரைந்து ஓடிக்கொண்டிருந்தது. மாசி பிறந்தால் அதில் நீர் நிற்பதில்லை என்றார் அவர். மறுநாட் காலை அச்சன்கோவிலுக்குப் புறப்பட்டோம்.

(தொடரும்)