மணலில் புதைத்த சாட்சி

பொருளை வியந்து, அதைச் செய்த கைகளை மறந்துவிடுவது உலக வழக்கம். மினாராவை அண்ணாந்து பார்ப்போர் கொத்தனாரை நினைப்பதில்லை. மரக்கலத்தில் ஏறுவோர் ஓடாவியை விசாரிப்பதில்லை. ஆயினும், தன்னைச் செய்தவர்களின் கதையை விட்டுப் பிரிக்க முடியாதபடி அமைந்துவிடும் பொருள்களும் சில உண்டு. வேல்ஸ் நாட்டின் தென்கரையில் நாம் கேட்டறிந்து, பின்னர் கண்ணாரவும் கண்ட ஒரு மோட்டார் வண்டி அத்தகையது. தொழிற்சாலை எதிலும் பிறவாமல் வீட்டுப் பணிமனையில் உருவாகி, ஆகாய விமானத்தின் எஞ்சினைச் சுமந்து ஓடி, உலகத்தையே ஒருமுறை வென்று, பின்பு மண்ணுக்குள் போய் மீண்டு வந்தது அது. ‘பாப்ஸ்’ என்பது அதன் பெயர்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாம் ஸ்வான்ஸீ நகரில் பொறியியல் பயின்றுகொண்டிருந்தோம். விடுமுறை நாள் ஒன்றில் பெண்டைன் என்னும் கடற்கரைச் சிற்றூருக்குச் சென்றிருந்தோம். அங்கே 7 மைல் நீளத்திற்கு ஒரே சமனாக மணல் விரிந்து கிடக்கிறது. அலை வற்றிய வேளையில் அம்மணல் இறுகிச் சாலைபோல் ஆகிவிடுகிறது. நடந்தால் கணுக்கால் வரை புதையும் நம் ஊர் மணலைக் கண்டு பழகிய கண்களுக்கு அது வியப்பாகவே இருந்தது. தேநீர்க் கடையில் எதிரே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், நாம் பொறியியல் மாணவர் என்று அறிந்ததும் தாமாகவே பேசத் தொடங்கினார்.

“இந்த மணலில்தான் அந்த வண்டியைப் புதைத்தார்கள். சங்கிலி அறுந்து ஓட்டியவரைக் கொன்றுவிட்டது. நாற்பது ஆண்டுக்கு மேல் அது நிம்மதியாகக் கிடந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னே ஒருவர் வந்து தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். இறந்தவரோடு முடிந்துபோன பொருள் அது. அதை அப்படியே விட்டிருக்கலாம்.”

அவர் குரலில் கோபமில்லை, வருத்தமே இருந்தது. அவர் சொன்னவற்றுள் இரண்டு செய்திகள் நம் உள்ளத்தில் தங்கின. ஒன்று, சங்கிலியின் மேல் சுமத்தப்பட்ட பழி. மற்றொன்று, புதைத்ததைத் தோண்டலாமா என்னும் கேள்வி. இரண்டிற்கும் விடை தேடப் புகுந்தபோதுதான் அவ்வண்டியைச் செய்தவர்களின் வரலாறு நமக்குக் கிடைத்தது.

முதற்கை லூயி ஸ்பொரோவ்ஸ்கி என்னும் இளம் பிரபுவுடையது. 1895-இல் பிறந்தவர். தந்தையாரும் பந்தயக்காரரே, 1903-இல் பிரான்ஸ் நாட்டு மலைப்பாதைப் பந்தயமொன்றில் வண்டி மோதி மாண்டவர். 1911-இல் தாயாரும் மறைந்தார். பதினாறு வயதில் பெருஞ்செல்வமும் பெருந்தனிமையும் ஒருசேர அவருக்குச் சொந்தமாயின. கான்டர்பரி நகருக்கருகே ஹையம் பார்க் என்னும் மாளிகையில் வாழ்ந்த அவர், அங்கேயே ஒரு பணிமனையை அமைத்து, கேப்டன் கிளைவ் காலப் என்னும் பொறியாளரின் துணையோடு வண்டிகளைச் செய்யலானார்.

அவர்கள் ஏன் விமான எஞ்சினை நாடினார்கள்? முதல் உலகப் போர் 1918-இல் ஓய்ந்தது. போருக்கெனச் செய்து குவித்த எஞ்சின்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. மோட்டார் வண்டிக்கென அவ்வளவு ஆற்றலை அன்று எவரும் தனியே செய்து தரமாட்டார். போர் முடிந்ததால் அது மலிந்து கிடைத்தது. 1921-இல் ஸ்பொரோவ்ஸ்கி பழைய மெர்ஸிடிஸ் உடற்சட்டமொன்றில் 23 லிட்டர் மேபாக் விமான எஞ்சினை ஏற்றி, ‘சிட்டி பாங் பாங்’ என்று பெயரிட்டு, புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் வெற்றியும் கண்டார். அப்பெயரே பின்னாளில் 1964-இல் வெளிவந்த குழந்தைக் கதையொன்றின் வழியாக உலகெங்கும் பரவிற்று.

அதனினும் பெரிதாக அவர் செய்யத் தொடங்கியதே ‘ஹையம் ஸ்பெஷல்’. அதற்கு அமைந்தது அமெரிக்க நாட்டு லிபர்ட்டி எஞ்சின். 1917-இல் வாஷிங்டன் நகரின் விடுதி அறையொன்றில் இரு பொறியாளர்கள் அமர்ந்து சில நாட்களுக்குள் வரைந்து முடித்த எஞ்சின் அது. 5 அங்குல விட்டமுடைய 12 சிலிண்டர்கள். பிஸ்டன் ஓடும் தூரம் 7 அங்குலம். மொத்தக் கொள்ளளவு 27 லிட்டர். இன்று நம் வீதிகளில் ஓடும் சிறு கார்களின் எஞ்சின் ஏறத்தாழ 1 லிட்டர் என்பதை எண்ணிப் பார்த்தால், இதன் பருமை விளங்கும். இதன் ஒரு சிலிண்டரே அத்தகைய இரண்டு கார்களுக்கு மேல். புரூக்லண்ட்ஸ் தடத்தில் பந்தயத்திற்கு இறங்கிய வண்டிகளுள் இதனினும் பெரிய எஞ்சின் கொண்டது வேறொன்றில்லை.

எஞ்சினைப் பெறுவது எளிது. அதன் ஆற்றலைச் சக்கரம் வரை கொண்டு சேர்ப்பதே அரிது. விமானத்தில் அது காற்றாடியைச் சுழற்றினால் போதும். வண்டியிலோ கியர் பெட்டி வேண்டும், பின்சக்கரங்களுக்கு வழி வேண்டும். அவர்கள் போருக்கு முன்னைய பென்ஸ் பந்தயக் காரொன்றின் கியர் பெட்டியைப் பொருத்தினர். அதிலிருந்து இருபுறமும் பல்சக்கரங்கள் வைத்து, மிதிவண்டியில் உள்ளதுபோல், ஆனால் மிகத் தடித்த சங்கிலி ஒவ்வொன்றால் பின்சக்கரங்களைச் சுழற்றினர். ஓட்டுபவரின் இருபக்கத்திலும் இச்சங்கிலிகள் ஓடும். பழைய முறைதான், ஆயினும் கைக்குக் கிடைத்தவற்றைக் கொண்டு கட்டுவோருக்கு அதுவே வழி.

வண்டி முழுத் தேர்ச்சி பெறுமுன் ஸ்பொரோவ்ஸ்கியின் ஆயுள் முடிந்தது. 1924 அக்டோபரில் இத்தாலியின் மொன்ஸா தடத்தில் மெர்ஸிடிஸ் காரை ஓட்டுகையில் விபத்தில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 29.

இரண்டாம் கை ஜான் காட்ஃப்ரி பாரி தாமஸ் அவர்களுடையது. 1884-இல் வேல்ஸின் ரெக்ஸம் நகரில் பிறந்தவர். லேலண்ட் மோட்டார் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்து, பந்தயத்தின்பால் கொண்ட காதலால் அப்பெரும் பதவியை விட்டு வந்தவர். புரூக்லண்ட்ஸ் தடத்திற்குள்ளேயே, ‘துறவி இல்லம்’ என்று பொருள்படும் பெயருடைய சிறு வீட்டில், இரண்டு நாய்களோடு தனியே வாழ்ந்தார். பல வண்ணக் கம்பளிப் பின்னலாடையே பந்தயத்திலும் அவர் உடை. பிரபுவின் உடைமைகள் விற்பனைக்கு வந்தபோது இவ்வண்டியை அவர் 125 பவுனுக்கு வாங்கினார்.

அவருக்கு எதிரே நின்றவர்களை எண்ணிப் பாருங்கள். ஸீக்ரேவ் அவர்களுக்குப் பின்னால் சன்பீம் என்னும் பெருந்தொழிற்சாலை நின்றது. மால்கம் காம்ப்பெல் அவர்களோ பெரும்பொருள் செலவிட்டுப் புதுவண்டி கட்டிக்கொண்டிருந்தார். தாமஸிடம் இருந்தது இறந்தவர் ஒருவர் விட்டுச் சென்ற, பாதி தேறிய வண்டியும், தம் சிறு பணிமனையும், உடனுழைத்த சில தோழர்களுமே. அவர் எஞ்சினுக்குத் தாமே வடிவமைத்த பிஸ்டன்களைச் செய்து பொருத்தினார்; நான்கு கார்புரேட்டர்களை அமைத்தார்; காற்றைக் கிழித்துச் செல்லும்படி புதிய உடற்கூடு செய்தார். ‘பாப்ஸ்’ என்று செல்லப்பெயரும் சூட்டினார்.

1926 ஏப்ரல் 27-ஆம் நாள் பெண்டைன் மணலில் அவ்வண்டி மணிக்கு 169 மைல் விரைவைக் கடந்தது. மறுநாள் அதனையும் விஞ்சி 171.02 மைலைத் தொட்டது. அதற்கு முந்தைய மாதம் ஸீக்ரேவ் நிறுவிய உலக விரைவு 152 மைலே. வீட்டுப் பணிமனையில் பிறந்து, மறு பணிமனையில் வளர்ந்த வண்டி, உலகில் தரைமேல் ஓடியவற்றுள் எல்லாம் விரைவானதாயிற்று.

1927 பிப்ரவரி 4-இல் காம்ப்பெல் அதே மணலில் தம் ‘புளூ பேர்ட்’ வண்டியில் 174 மைலைக் கடந்து அப்பெருமையைக் கைப்பற்றினார். இழந்ததை மீட்கத் தாமஸ் மார்ச் 3-ஆம் நாள் பாப்ஸுடன் மீண்டும் அம்மணலுக்கு வந்தார். பெருவிரைவில் வருகையில் வண்டி நிலைகுலைந்து புரண்டது. அவர் அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். தரைமேல் உலக விரைவை நாடி உயிரிழந்த முதல் ஓட்டுநர் அவரே. அதே மாத இறுதியில் ஸீக்ரேவ் அமெரிக்காவின் டேட்டோனா கடற்கரையில் 200 மைலைக் கடந்துவிட்டார் என்பதையும் சேர்த்து எண்ணும்போது, எவ்வளவு குறுகிய காலம் வாழும் புகழுக்காக எவ்வளவு பெரியது விலையாயிற்று என்று நெஞ்சு கனக்கிறது.

நண்பர்கள் தாமஸை புரூக்லண்ட்ஸுக்கு அண்மையிலுள்ள பைஃப்ளீட் என்னும் ஊரில் அடக்கம் செய்தார்கள். வண்டியை மட்டும் பெண்டைன் மணலிலே குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். துயரம் மிகுந்தோர் செய்த செயல் அது. குறை கூறத் தோன்றவில்லை. உயிரைக் கொண்டுபோன பொருளைக் கண்ணெதிரே வைத்திருக்க எந்த நெஞ்சு பொறுக்கும்?

ஆனால் வண்டியோடு வேறொன்றும் புதைந்தது. சங்கிலி அறுந்து தாமஸின் தலையில் தாக்கியதே சாவுக்குக் காரணம் என்று அன்று பரவிய பேச்சு, மறுப்பாரின்றி உண்மையென நிலைத்தது. சங்கிலியைப் பழித்தால் பழி யாரைச் சேரும்? அதைத் தேர்ந்தெடுத்த ஸ்பொரோவ்ஸ்கியையும் காலப்பையும் சேரும். மாற்றாமல் விட்ட தாமஸையும் சேரும். பிரபுவோ, தாமஸோ எழுந்து வந்து விடை சொல்ல முடியாது. விடை சொல்லக்கூடியதாக எஞ்சியிருந்த ஒரே சாட்சி அவ்வண்டி, அதுவும் மணலுக்கடியில்.

மூன்றாம் கை ஓவன் வின் ஓவன் அவர்களுடையது. வட வேல்ஸில் பொறியியல் கற்பித்த ஆசிரியர். பெண்டைன் மணல் அப்போது பாதுகாப்புத் துறையின் ஆளுகையில் இருந்தது. உரிய அனுமதியைப் பெற்று, 1969-இல் அவர் அவ்வண்டியைத் தோண்டி எடுத்தார். மண்ணுக்கு மேல் தாமஸ் வாழ்ந்தது 42 ஆண்டுகள். மண்ணுக்குக் கீழ் அவர் வண்டி கிடந்ததும் 42 ஆண்டுகள். கடலோர உப்பு உடற்கூட்டைத் தின்று தீர்த்திருந்தது. ஆயினும் உடற்சட்டமும் எஞ்சினும் ஒருவாறு தப்பியிருந்தன. அவற்றை வீட்டிற்குக் கொண்டு சென்று, ஓய்வு நேரத்திலெல்லாம் உழைத்து, பல்லாண்டுகள் பாடுபட்டு, அந்த 27 லிட்டர் எஞ்சினை மீண்டும் முழங்க வைத்தார். ஆக, இவ்வண்டி மூன்று முறை பிறந்தது. மூன்று முறையும் தனி மனிதரின் பணிமனையிலேயே பிறந்தது.

அவ்வாறு பிரித்தும் பொருத்தியும் ஆராய்ந்ததன் பயனாகத்தான் பழைய தீர்ப்பு ஆட்டங்கண்டது. வலப்புறப் பின்சக்கரம் முதலில் சிதைந்திருக்கலாம். வண்டி புரண்டது அதனால் இருக்கலாம். சங்கிலியின் சேதம் பின்விளைவாக இருக்கலாம் என்னும் கருத்து எழுந்து வலுப்பெற்றது. இது கண்ணால் கண்டார் கூற்றன்று. இரும்பு தந்த வாக்குமூலம். எனினும் நாற்பதாண்டுகளாகச் சங்கிலியின் மேல் ஐயமின்றிச் சுமத்தப்பட்ட குற்றம் இப்போது ஐயத்திற்குரியதாயிற்று. இறந்தவருக்கு இதனினும் பெரிய மரியாதை எதைச் செய்ய முடியும்?

இறந்தவரோடு முடிந்துபோன பொருள் என்றார் அம்முதியவர். அவர் உள்ளத்தின் மென்மையை நாம் போற்றுகிறோம். ஆயினும் மண்ணறை என்பது மனிதனுக்கு. தாமஸின் மண்ணறை பைஃப்ளீட்டில் எவரும் தீண்டாமல் இருக்கிறது. பெண்டைனில் இருந்தது மண்ணறையன்று, மூடி வைத்த சாட்சிக் கூண்டு. மூடியதற்குத் துயரம் காரணம். திறந்ததற்கு மதிப்பு காரணம்.

1996-இல் பெண்டைனில் விரைவுப் பந்தய வரலாற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, ஒரு கோடையில், குடும்பத்தோடு அங்கே சென்றிருந்தபோது பாப்ஸை முதன்முதலாகக் கண்டோம். நீண்டு, தாழ்ந்து, கூர்ந்த வாலோடு நின்றது. நம் இளைய மகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, “வாப்பா, இதை எந்தக் கம்பெனி செய்தது?” என்று கேட்டாள்.

“கம்பெனி எதுவும் செய்யவில்லை, மகளே. ஒருவர் தொடங்கினார், ஒருவர் தொடர்ந்தார், ஒருவர் மீட்டார்.”

“மூவரும் கூட்டாளிகளா?”

“இல்லை. முதலாமவர் இறந்த பிறகுதான் இரண்டாமவர் கைக்கு இது வந்தது. மூன்றாமவர் எடுக்கும்போது இரண்டாமவர் இறந்து நாற்பதாண்டு கடந்துவிட்டது.”

சிறிது நேரம் அவள் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் ஒவ்வொருவரும் மற்றவருக்காகப் பார்த்துக்கொண்டார்கள்” என்றாள். நாம் நூல்களில் தேடித் திரட்டியவற்றையெல்லாம் அவள் ஒரே சொற்றொடரில் அடக்கிவிட்டாள். அதற்கு நம் மொழி வழக்கிலேயே சொல் உண்டு, அமானிதம் என்கிறோம். ஒருவர் உழைப்பு மற்றவர் கைக்கு வரும்போது அது வெறும் உடைமையாக வருவதில்லை, பொறுப்பாகவும் வருகிறது.

தாமஸின் பணிமனையில் உடனுழைத்த ரீட் ரெயில்டன் பின்னாளில் வடிவமைத்த வண்டியில், 1947-இல் ஜான் காப் மணிக்கு 394 மைல் விரைவை எட்டினார். அவ்வண்டியும் இரண்டு விமான எஞ்சின்களைச் சுமந்ததே. விரைவுக்கணக்குகள் அதற்குப் பின்னும் எத்தனையோ முறை மாறிவிட்டன, இனியும் மாறும். 171 என்னும் எண்ணை இன்று மனப்பாடமாகச் சொல்வோர் மிகச் சிலரே. 2012-இல் ஓவனும் மறைந்துவிட்டார். ஆனால் அவர் மீட்ட எஞ்சின் இருக்கிறது. ஸ்பொரோவ்ஸ்கியும் காலப்பும் அதைச் சுமக்கச் செய்த சட்டம் இருக்கிறது. பழி சுமந்த சங்கிலியும் தன் இடத்தில் இருக்கிறது. அவற்றைப் பார்க்க வருவோர் வண்டியின் விரைவைக் கேட்குமுன், செய்தவர்களின் பெயரைக் கேட்பார்களாக.