லகுகலைக் குளத்து யானைகள்

மேனாட்டார் கூறும் இலையுதிர் காலம் நம் நாட்டில் இல்லை. ஆயினும் ஆவணி, புரட்டாதி மாதங்களில் கச்சான் காற்று வீசிக் காடு காயும்போது, பொத்துவிலுக்கு மேற்கே ஓர் அரிய காட்சியைக் காணலாம். மொனராகலை வீதியில் ஏறக்குறைய 15 கிலோமீற்றர் சென்றால் லகுகலைக் குளம் தோன்றும். 1980ஆம் ஆண்டில் தேசிய வனமாக்கப்பட்ட இவ்விடத்தின் பரப்பு 1,554 ஹெக்டேயர் மட்டுமே. எனினும், வறட்சிக் காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட யானைகள் இங்கே கூடுவதுண்டு.

அவற்றை அழைப்பது புல்! குளத்து நீர் வற்ற வற்ற, அங்கு வளரும் நெடும்புல் அவற்றிற்கு எட்டுகிறது. துதிக்கையாற் பிடுங்கி, முன்காலில் அடித்து, மண்ணை உதிர்த்து அவை உண்ணும் நேர்த்தியே தனி அழகு.

படம் பிடிக்க மாலை வேளையே ஏற்றது. சாயும் வெயிலில் யானையின் தோற்சுருக்கங்களும் தெளிவாகப் பதியும். தூரத்துப் பொருளை அருகிற் காட்டும் வில்லை இருந்தால், நாம் நெருங்க வேண்டியதில்லை.

காதுகளை விரித்து, தலையை உயர்த்தி நோக்கும் யானையின் படத்தைச் சிலர் பெருமையோடு காட்டுவர். உண்மையில், "அப்பாற் செல்" என்று அந்த யானை விடுத்த எச்சரிக்கையே அங்குப் பதிந்திருக்கிறது. கன்றோடு வந்த கூட்டம் அஞ்சிக் காட்டுக்குள் திரும்பினால், அவ்வேளை உணவை இழக்கும். மாரி மழை பொழியும்வரை இக்குளமே அவற்றின் அன்னசாலை. நம் வரவை உணராது மேயும் யானையின் படமே சிறந்த படம். படப்பெட்டி ஏந்துவோர் இதனை நெஞ்சிற் கொள்வாராக!