அதிக வட்டி எங்கிருந்து வருகிறது?

பணத்தைப் பற்றிக் குருவானவர் எழுதுவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆயினும், கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பதை நம் ஆண்டவரே உவமையாகக் கற்பித்தார். அந்த விவேகம் நம் வீட்டுச் சேமிப்புக்கும் பொருந்தும்.

எம். புதுப்பட்டி வட்டாரத்தில் இதற்குத் தனிக் கனம் உண்டு. இங்குள்ள குடும்பங்களின் கைக்குப் பணம் மொத்தமாக வருவது அரிது. தீபாவளி போனஸ் வரும், சீட்டு விழும், அல்லது வரவே கூடாத வழியில், வெடிவிபத்து இழப்பீடாக வரும். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் நேர்ந்த துயரத்தை நம்மில் யார் மறப்பார்? இழப்பீட்டுப் பணம் போன உயிரின் விலை அன்று. எஞ்சியிருப்போர் பிழைப்பதற்கான விதை. விதைநெல்லை எங்கே சேமிப்பது என்பது சிறிய கேள்வியா?

பட்டாசு வேலையில் கணவரை இழந்த ஒரு தாய், சில மாதங்களுக்கு முன் ஒரு தாளுடன் நம்மைக் காண வந்தார். அதில் நடுத்தரக் காலக் கடன்பத்திரப் பரஸ்பர நிதிகள் மூன்றின் பெயர்களும், சென்ற ஓராண்டில் அவை ஈட்டிய வருமானமும் மட்டும் இருந்தன. “எதில் கூட வருதோ அதிலேயே ஐந்து லட்சத்தையும் போட்டுவிடலாமா சாமி?” என்று கேட்டார்.

“அம்மா, கூட வருவது எதனால் வருகிறது என்று முதலில் பார்ப்போம்” என்றோம்.

கடன்பத்திர நிதி என்பது, பலரிடம் பெற்ற பணத்தை அரசுக்கும் நிறுவனங்களுக்கும் கடனாகக் கொடுத்து வட்டி வாங்கும் ஏற்பாடு. இட்ட பணம் வட்டியும் முதலுமாகத் திரும்பிவரச் சராசரியாக மூன்று முதல் நான்கு ஆண்டுகள் ஆகும் நிதிகளுக்கே நடுத்தரக் கால நிதி என்று 2017-இல் செபி அமைப்பு பெயரிட்டது. இவற்றில் இருவகை ஆபத்துகள் உண்டு.

முதலாவது, வட்டி விகிதத்தின் ஏற்ற இறக்கம். நாட்டில் வட்டி உயர்ந்தால், குறைந்த வட்டி தரும் பழைய பத்திரங்களின் விலை இறங்கும். மேற்சொன்ன சராசரிக் காலம் மூன்றரை ஆண்டு என்றால், வட்டி ஒரு சதவீதம் ஏறும்போது நிதியின் மதிப்பு ஏறத்தாழ மூன்றரை சதவீதம் இறங்கும். ஐந்து லட்சத்தில் பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாய். ரிசர்வ் வங்கி தன் ரெப்போ வட்டியை 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியபோது இந்நிதிகள் வாடின. 2025-இல் அதனை 5.25 ஆகக் குறைத்தபோது விலை ஏற்றத்திற்கு வழி பிறந்தது. ஆகவே, ஓராண்டு வருமானம் அந்த ஆண்டின் பருவத்தைக் காட்டுமேயன்றி, நிதியின் குணத்தைக் காட்டாது. இவ்வகை இழப்பு பொறுத்திருந்தால் பெரும்பாலும் ஈடாகிவிடும். ஏனெனில் வட்டி தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது ஆபத்து, கடன் வாங்கியவர் திருப்பித் தராமற்போவது. நம்பிக்கை குறைந்தவருக்குக் கொடுத்தால்தான் வட்டி அதிகம். இது ஊர்க் கந்துவட்டிக்காரருக்கும் தெரிந்த நியாயம். 2018-இல் ஐ.எல். அண்ட் எப்.எஸ். நிறுவனம் தவணை தவறியபோது, உச்சத் தரக்குறியீடும் சில வாரங்களில் சரியக்கூடும் என்பதை நாடு கண்டது.

2020 ஏப்ரல் 23 அன்று பிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் இந்தியாவில் ஆறு கடன்பத்திர நிதிகளை மூடியது. அவற்றுள் இன்கம் ஆப்பர்ச்சூனிட்டீஸ் என்னும் நடுத்தரக் கால நிதியும் ஒன்று. தரம் சற்றுக் குறைந்த பத்திரங்களை மிகுதியாக வைத்திருந்த அந்நிதிகளிலிருந்து, கொரோனா அச்சத்தில் பலர் ஒரே வேளையில் பணம் கேட்டனர். பத்திரங்களை விற்கவோ சந்தையில் ஆளில்லை. ஏறத்தாழ 25,000 கோடி ரூபாய் முடங்கியது. உச்சநீதிமன்றம் வரை வழக்குச் சென்று, 2021 பிப்ரவரியில்தான் முதல் பெரும் பங்கீடு நடந்தது. ஆறு நிதிகளையும் சேர்த்துப் பார்த்தால், மூடிய நாளின் மதிப்புக்கு மேலாகவே பணம் பின்னர் திரும்பியது உண்மை. ஆனால் அந்தப் பத்து மாதங்களில் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் கட்ட வேண்டியவர்கள் என்ன செய்திருப்பார்கள்? உரிய வேளையில் கைக்கு வராத பணம், ஏழைக்கு இல்லாத பணமே.

இவ்விரு ஆபத்தையும் எளிதில் அறிய ஒரு வழி உண்டு. 2021 டிசம்பர் முதல் ஒவ்வொரு கடன்பத்திர நிதியும் ஓர் ஆங்கில எழுத்தும் ஒரு ரோமன் எண்ணும் கொண்ட ஆபத்து வகுப்பை வெளியிட வேண்டும். எண் வட்டி ஆபத்தின் உச்ச வரம்பைக் குறிக்கும். நடுத்தரக் கால நிதிகளுக்கு அது மூன்று. எழுத்தே கடன் ஆபத்தைப் பிரித்துக் காட்டும்: ஏ என்றால் குறைவு, பி நடுத்தரம், சி அதிகம். ஏ நிதியையும் சி நிதியையும் வருமானத்தால் மட்டும் ஒப்பிடுவது, ஒரே அட்டைப்பெட்டி என்பதற்காக மத்தாப்பையும் அணுகுண்டையும் ஒன்றெனக் கருதுவது போலாகும். உள்ளே இருக்கும் மருந்தைப் பார்க்க வேண்டும்.

அந்தத் தாய் கொணர்ந்த தாளில் முதலிடம் பெற்றிருந்தது சி வகுப்பு நிதி. ஏ வகுப்பு நிதியைவிட அது ஒரு சதவீதம் கூடுதலாகத் தந்திருந்தது. ஐந்து லட்சத்துக்கு ஆண்டுக்கு ஐயாயிரம் ரூபாய்; மாதத்துக்கு நானூறு ரூபாய் சொச்சம். அந்த நானூறுக்காக மகளின் செவிலியர் படிப்புக் கட்டணத்தை ஆபத்தில் வைக்கலாமா? இதைக் கேட்டவுடன் அவரே சொன்னார்: “மருந்து முழுவதையும் ஒரே ரூமில் வைக்க மாட்டோமே சாமி! தள்ளித் தள்ளித்தானே வைப்போம்.” இதனினும் சிறந்த பொருளாதாரப் பாடம் வேறில்லை.

முடிவில், இரண்டு ஆண்டுக் கட்டணத்தையும் அவசரத் தேவைக்கான தொகையையும் வங்கி வைப்பில் இட்டார். 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. பரஸ்பர நிதிக்கு அது கிடையாது. நான்கைந்து ஆண்டுகளுக்குத் தேவைப்படாத சிறு பகுதியை மட்டும் ஏ வகுப்பு நிதியில் இடலானார்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, கூடுதல் வருமானம் பாவமன்று. ஆனால் அது ஏதோ ஓர் ஆபத்தைச் சுமப்பதற்கான கூலி. அந்த ஆபத்து எது, அதை நம் வீடு தாங்குமா என்று கேட்ட பிறகே கையொப்பமிடுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து அமர்ந்து கணக்கிடுங்கள். வளர்ந்த பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைக் காப்பதும் இறைவனுக்கு உகந்த பணியே.