விலைக்கு வந்த பழைய ஜீப்

சென்னையின் தென்பகுதியை அறிந்தோர் இக்காட்சியைக் கண்டிருப்பர். மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ பழைய வீடொன்றின் மதிலுக்குள், வேப்ப மரத்தடியில், தார்ப்பாய் போர்த்திய ஜீப் ஒன்று நின்றுகொண்டிருக்கும். மலைச்சரிவிலும் சேற்றிலும் ஓடுவதற்கென்றே பிறந்த வண்டிக்கு, ஆட்டோ ரிக்‌ஷாவே திரும்பத் திணறும் சந்தில் என்ன வேலை என்று வியக்கத் தோன்றும். குடும்பத் தலைவர் தோட்டத்திலோ அரசுப் பணியிலோ ஓட்டிய வண்டியாக அது இருக்கலாம். அவர் மறைந்தபின் பிள்ளைகள் வெளியூர் சென்றிருப்பர். ஒருநாள் அதன் கண்ணாடியில் ‘விற்பனைக்கு’ என்ற அட்டை தொங்கும். அந்த அட்டையைக் கண்டு ஆசை கொள்வோருக்கும், அதைத் தொங்கவிடுவோருக்கும் பயன்படுமாறு சில செய்திகளைக் கூற விழைகிறேன்.

இவ்வண்டி போருக்காகப் பிறந்தது. 1940ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் சிறிய வண்டியொன்று வேண்டுமென 135 நிறுவனங்களுக்கு அழைப்பு விடுத்தது. 49 நாட்களில் மாதிரி வண்டி வந்து சேரவேண்டும் என்பது நிபந்தனை. பான்டம் என்னும் சிறிய நிறுவனமே கெடுவுக்குள், செப்டம்பர் 23 அன்று, வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. ஆயினும், பெருந்தொகையாய்ச் செய்யும் வாய்ப்பு வில்லீஸ், ஃபோர்டு நிறுவனங்களுக்கே கிட்டியது. போர் முடிவதற்குள் அவை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. காயமுற்றோரைச் சுமந்ததும் இவ்வண்டியே. படைக்குருக்கள் திருப்பலி பீடமாக்கிக்கொண்டதும் இதன் தட்டையான பானெட்டையே.

நம் நாட்டுக்கு ஜீப் வந்த வரலாறும் சுவையானதே. 1945இல் மகிந்திரா சகோதரர்களும் குலாம் முகமதுவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் முதலில் எஃகு வணிகமே செய்தது. அதன்பின் 75 வில்லீஸ் ஜீப்புகள் தனித்தனிப் பாகங்களாக வந்து, பம்பாயின் மசகான் பகுதியில் பூட்டப்பட்டன. குலாம் முகமது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகிவிட, 1948இல் நிறுவனத்தின் பெயர் மகிந்திரா அண்ட் மகிந்திரா என மாறியது. உயரமான எஞ்சினுக்காகப் பானெட்டை உயர்த்திக் கட்டிய ஸி.ஜே. 3பி என்னும் வகை பின்னர் இங்கேயே உற்பத்தியானது. இன்று விலைக்கு வரும் பழைய ஜீப்புகளில் இவ்வகையைப் பரவலாகக் காணலாம். வட்டாட்சியரும் வன அலுவலரும், கிளைப் பங்குகளுக்குப் புழுதி பறக்கச் சென்ற குருக்களும் இத்தகைய ஜீப்பை நம்பியே வேலை செய்தனர்.

ஓட்டுநர் அருகே கியர் தண்டோடு வேறு இரண்டு சிறு தண்டுகளும் இருக்கும். ஒன்று முன்சக்கரங்களுக்கும் விசையைச் செலுத்துவது. மற்றொன்று வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது. பின்சக்கரங்கள் சேற்றில் வீணே சுழலும்போது முன்சக்கரங்கள் மண்ணைப் பற்றி வண்டியை இழுத்துச் செல்லும். காய்ந்த தார்ச்சாலையில் மட்டும் இதைப் பூட்டி ஓட்டலாகாது. திருப்பத்தில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் செல்லும் தூரம் வேறுபடுவதால், பற்சக்கரங்கள் இறுகித் தேய்ந்துவிடும். ஆகவே, நகரத்தில் மட்டும் ஓட்ட விரும்புவோருக்கு இதன் தனிச்சிறப்பு பெரும்பாலும் பயன்படாது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழைய வண்டியைப் பார்க்கச் செல்வோர், அது நின்ற ஊரின் இயல்பையும் அறிந்திருத்தல் நன்று. சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் வீசும் உப்புக்காற்று இரும்பை மெல்லத் தின்னும். மேலே பெயிண்ட் பளபளக்கலாம். கீழே சேஸிஸ் செல்லரித்திருக்கலாம். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். பட்டி பூசி மறைத்த இடம் மந்தமாய் ஒலிக்கும். தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்ற தோமையாரின் பெயரைத் தாங்கிய ஊர் சாந்தோம். விசுவாசத்தில் அது குறையெனினும், பழைய வண்டி வாங்குவோருக்கு அதுவே அறிவுடைமை.

அடையாற்றுப் பக்கம் சென்றால் வெள்ளத்தை நினைவுகூர வேண்டும். 2015 டிசம்பரில் ஆறு கரைபுரண்டபோது, கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் எண்ணற்ற வண்டிகள் நீரில் மூழ்கின. தியாகராய நகரோ 1920களில் நீண்ட ஏரியொன்றைத் தூர்த்து எழுப்பிய பகுதி. பெருமழையில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வருவதில் வியப்பில்லை. கியர் பெட்டியின் எண்ணெய் பால் கலந்த தேநீர் போல் தோன்றினால், உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று ஐயுறலாம்.

உதிரிப் பாகங்களுக்குத் தென்சென்னையைவிட்டுச் சற்று வடக்கே செல்ல வேண்டும். அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் அதற்கான கடைகள் உண்டு. அங்கே கிடைக்காததை எழும்பூருக்கு அருகிலுள்ள புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் தேடலாம்.

இரும்பைப் போலவே தாள்களையும் ஆராய வேண்டும். ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்திருக்க வேண்டும். எரிபொருள் செலவைக் குறைக்கப் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் பொருத்திய ஜீப்புகள் பல. அம்மாற்றம் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறதா எனக் காண்க. சொந்த உபயோக வண்டிக்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப்பின், தகுதிச் சோதனையோடு ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2021இல் வந்த விதியின்படி, ஐம்பது ஆண்டு கடந்து, சேஸிஸும் கூடும் எஞ்சினும் பெரிய மாற்றமின்றி இருக்கும் வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதியலாம். ஆனால் அவ்வாறு பதிந்ததைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் பராமரிப்புக்கும் அன்றி, அன்றாடம் ஓட்ட இயலாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல விரும்புவோர் இதை முன்னரே அறிந்துகொள்வது நலம்.

வாங்குவோரின் கடமை இவ்வளவு. விற்பவரின் கடமை என்ன? நான் அறிந்த குடும்பமொன்றில் தந்தை இறந்தபின் அவருடைய ஜீப்பை விற்க நேர்ந்தது. அதன் சேஸிஸ் ஒருமுறை விரிசல்விட்டு, ஸ்டீயரிங் பெட்டி பொருந்தும் இடத்தில் பற்றவைக்கப்பட்டிருந்தது. கறுப்புப் பெயிண்ட் அடித்தால் எவருக்கும் தெரியாது என்றார் தரகர். கடன் இருந்தது, மகளின் படிப்புக்குப் பணமும் தேவைப்பட்டது. மகனும் தயங்கினான். தாயாரோ, “அப்பா ஓட்டின வண்டி. பொய் சொல்லி விற்க வேண்டாம், தம்பி” என்று சொல்லிவிட்டார். வாங்க வந்தவரிடம் பற்றவைத்த இடத்தைக் காட்டினார்கள். விலையில் ஒரு பகுதி குறைந்தது; அக்குறைவு அக்குடும்பத்துக்குச் சிறிதன்று. ஆனால் வாங்கியவர் அவ்விடத்தைப் பிரித்துச் செப்பனிட்ட பின்னரே தம் குழந்தைகளை அதில் ஏற்றினார்.

13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இதே கேள்வியைத் தம் இறையியல் தொகுப்பில் ஆராய்ந்திருக்கிறார். அவர் காலத்தில் ஜீப் இல்லை, குதிரை இருந்தது. ஒற்றைக்கண் குதிரையின் குறை பார்த்தவுடன் தெரியும். அதற்கேற்ப விலையைக் குறைத்தால் வாய்திறந்து சொல்லவேண்டிய கடமை இல்லை. மறைந்திருந்து வாங்குவோருக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்கும் குறையைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது அவர் முடிவு. நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரையென விற்பதை அவர் சாமர்த்தியம் என்று ஏற்கவில்லை. வஞ்சகம் என்றே கொண்டார்.

தாம் செப்பனிட்ட இடத்தைத் தாமே விரல் நீட்டிக் காட்டும் விற்பனையாளர் கிடைத்தால், வாங்குவோரே, விலையில் சற்று விட்டுக்கொடுக்கத் தயங்காதீர்கள். விற்போரே, வண்டியின் சாவியை ஒப்படைக்கும்போது அதன் குறைகளையும் கூறி ஒப்படையுங்கள். நாளை அதில் ஏறப்போவது பிறிதொரு வீட்டுக் குழந்தைகள்.