அப்பாவின் வெப்சைட்

வெப்சைட் பண்ண பி.ஈ. படிச்சிருக்கணும்னு யார் பாஸ் சொன்னது? நோட்பேட் போதும்! 2005-ல் நான் பி.காம். செகண்ட் இயர். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பிரவுசிங் சென்டரில் பிடிச்ச பக்கத்தைத் திறந்து, ரைட் கிளிக் பண்ணி ‘வியூ சோர்ஸ்’ அழுத்தினா, மொத்த எலும்புக்கூடும் தெரியும். அதை சேவ் பண்ணி ஒவ்வொரு டேக்கா நீக்கிப் பார்ப்பேன். பக்கத்தில் எது காணாமப் போகுதோ, அதுதான் அந்த டேக்கோட வேலை! (மணிக்கு இருபது ரூபாய்க்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார்.)

நான் ஏத்த நினைச்சது அப்பாவோட சிறுகதைகளை. பதினோரு கதை. பதினொண்ணும் பத்திரிகைகளில் இருந்து திரும்பி வந்தவை. ஓசி இடத்துக்கு அப்போ ஜியோசிட்டீஸ் இருந்தது, 2009-ல் மூடிட்டாங்க. தகராறு தமிழில்தான். பழைய தமிழ் ஃபான்ட்கள், வேற மொழி எழுத்துகளோட இடத்தில் நம்ம எழுத்தை உட்கார வெச்சிருந்தன. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ‘அம்மா’கூட ஜிலேபிதான்! யூனிகோடில் ‘அ’வுக்குன்னே தனி எண் உண்டு. எல்லாத்தையும் அதில் டைப் பண்ணி, மேலே ‘யுடிஎஃப்-8’னு ஒரு வரி சேர்த்தேன்.

அப்பாவை சென்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு முதல் கதையை முழுசாப் படிச்சார். அப்புறம் மெதுவாக் கேட்டார்: “இதை யாரும் திருப்பி அனுப்ப மாட்டாங்கல்லப்பா?”