கணீரென்று ஒலிக்கும் பாறை

கோலார் தங்க வயலின் நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை பழக வந்தவனுக்கு முதல் பாடம், கூரையைத் தட்டிப் பார்ப்பது. வெடி போட்ட இடத்துக்குள் நுழையும் முன், ஏற்கெனவே சோதித்த கூரைக்குக் கீழே நின்று இரும்புக் கம்பியால் முன்னால் தட்டுவோம். மந்தமாக ஒலித்தால் அந்தக் கல் பிரிந்து தொங்குகிறது, நெம்பித் தள்ளிவிட வேண்டும். கணீரென்று ஒலித்தால் கல் இறுகி நிற்கிறது.

இரண்டாவது பாடம் மனதில் பதிய வருடங்கள் ஆகும். கோலார் தங்க வயலை நடுங்கவைத்த ராக் பர்ஸ்ட் என்னும் பாறை வெடிப்பு, கணீரென்று ஒலிக்கும் பாறையிலிருந்துதான் வரும்.

2,000 மீட்டர் ஆழத்தில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் மேலேயுள்ள பாறை 500 கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. மென்மையான பாறையாக இருந்தால் நசுங்கி, விரிசல் விட்டு, பாரத்தை மெல்ல இறக்கிவிடும். இங்கே தங்கம் ஓடும் வெள்ளைக்கல்லைச் சுற்றியிருப்பது ஹார்ன்பிளெண்ட் சிஸ்ட் என்ற கடினப் பாறை. அது வளையாது. வாங்கிய அழுத்தத்தையெல்லாம் சேர்த்துவைத்து ஒரே நொடியில் விட்டுவிடும். இமயமலைப் பனிச்சரிவிலும் இதே ஆபத்து உண்டு. காலுக்குக் கெட்டியாகத் தெரியும் பனிப்பாளம், அடியிலுள்ள பலமில்லாத அடுக்கு முறிந்ததும் மொத்தமாகச் சரிகிறது. பனியானாலும் பாறையானாலும், மேற்பரப்பின் உறுதி உள்ளே இருக்கும் பாரத்தைக் காட்டிக்கொடுப்பதில்லை.

அதனால் காதோடு வரைபடமும் வேண்டும். இரண்டு பக்கமும் தோண்டியெடுத்தபின் நடுவில் மிஞ்சிய தூணா இது? சுற்றியிருந்த பாரமெல்லாம் அதன்மேல்தான் ஏறியிருக்கும். பக்கத்தில் டைக் எனும் ஊடுருவிய பாறைச்சுவரோ பிளவோ ஓடுகிறதா? கடைசி வெடி எப்போது போட்டார்கள்? வெடிக்குப் பிந்தைய நேரத்தில்தான் பாறை அதிகம் அசையும். இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் உள்ளே ஆள் அனுப்பக்கூடாது.

கருவிகளும் துணைக்கு வந்தன. 1912-லேயே இங்கே அதிர்வுமானி வைத்தார்கள். 1978-ல் பாபா அணு ஆராய்ச்சி மையம் அதிர்வுப் பதிவு வலையமைப்பை ஏற்படுத்தியது. 1988-ல் தேசியப் பாறை இயங்கியல் நிறுவனம் இங்கேயே தொடங்கியது. பாறை எங்கே முறிகிறது என்று கருவி சொல்லும். அடுத்து எந்த நிமிடத்தில் முறியும் என்று உறுதியாகச் சொல்லாது.

சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. இன்று வேறு சுரங்கங்களில் புதிதாக இறங்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நேற்று வரை அமைதியாக இருந்தது என்பதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதே தம்பி. எந்த வரிசையில் வெட்டுவது, வெட்டிய வெற்றிடத்தைக் கருங்கல் அடுக்கியோ கான்கிரீட் போட்டோ எவ்வளவு சீக்கிரம் நிரப்புவது, வெடிக்குப் பின் எத்தனை நேரம் காத்திருப்பது, எத்தனை பேர் உள்ளே நிற்பது, இவையெல்லாம் நம் கையில் இருக்கின்றன. பாறை முறியும் நேரம் நமக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அங்கே ஆள் இல்லாதபடி செய்வதுதான் நம் தொழில்.